தண்ணீரால் எழுதிய எழுத்துகள்: இரண்டு சிறு குழந்தைகளோடு ஒரு கோடை விடுமுறை

மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டரை. இருவரும் நாள் முழுவதும் வீட்டிலேயே இருக்கப்போகும் முதல் கோடை விடுமுறை என்பதால், அது தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நானும் என் மனைவியும் இரவு நேரங்களில் உட்கார்ந்து ஒரு பெரிய அட்டவணை தயாரித்தோம். வண்ணக் காகிதம் வெட்டி ஒட்டுதல், களிமண் உருவங்கள், எண் விளையாட்டு என்று நாளொன்றுக்கு மூன்று செயல்பாடுகள் வீதம் கட்டங்களை நிரப்பிச் சுவரில் ஒட்டினோம். அந்த அட்டவணை நான்காம் நாளே நின்றுபோனது. ஒரு செயல்பாட்டுக்கு வேண்டிய பொருள்களை எடுத்துவைக்க எங்களுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. பிள்ளைகள் அதில் ஈடுபட்டதோ பத்து நிமிடத்துக்கும் குறைவு. முடிந்த மறுகணமே "அடுத்து என்னப்பா?" என்ற கேள்வி வந்துவிடும். மதியத்துக்குள் நான்கு பேருமே களைத்து, தொட்டதற்கெல்லாம் குரல் உயர்ந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஐந்தாம் நாள் காலையில், முந்தைய நாள் வண்ணம் தீட்டிய தூரிகைகளை வாசலில் அமர்ந்து கழுவிக்கொண்டிருந்தேன். மகள் ஒரு தூரிகையை எடுத்துக் குவளைத் தண்ணீரில் நனைத்து, சிமெண்டுத் தரையில் "அம்மா" என்று எழுதினாள். அவள் எழுதும் வேகம் மெதுவானது. 'மா'வின் துணைக்காலை இழுத்து முடிப்பதற்குள் முதலெழுத்து மங்கத் தொடங்கி, அவள் நிமிர்ந்து பார்த்தபோது இல்லாமலே போயிருந்தது. "அப்பா, 'அ' எங்க போச்சு?" என்று கேட்டாள். ஆவியாதல் பற்றி ஒரு சிறு பாடமே என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அன்று ஏனோ அதை விழுங்கிக்கொண்டு, "இன்னொரு தடவை எழுதிப் பாரேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் மறுபடி எழுதினாள். பிறகு பெரிதாக எழுதினாள். பிறகு தண்ணீர் சொட்டச் சொட்டத் தடிமனாக எழுதினாள். கடைசியாகச் சுவரோர நிழலுக்கு நகர்ந்துபோய் எழுதினாள். அங்கே எழுத்து நின்றது. "தம்பி, இங்க வா, இங்க எழுதினா போகமாட்டேங்குது!" என்று அவள் கூவிய குரலை நாங்கள் போட்ட எந்தச் செயல்பாட்டின்போதும் நான் கேட்டதில்லை.

தம்பிக்கு எழுத்து தெரியாது. அவன் உள்ளங்கையைத் தண்ணீரில் தோய்த்துத் தரையில் அழுத்தினான். ஈரக் கையின் சுவட்டில் விரல் நுனிகள் முதலில் மறைந்தன, பிறகு விரல்கள், நடுவில் உள்ளங்கையின் ஈரம் மட்டும் சிறிது நேரம் ஒரு தீவைப்போல் இருந்து அதுவும் சுருங்கிப் போயிற்று. மறையும் ஒவ்வொரு கைக்கும் அவன் "டாட்டா" சொன்னான். அன்று காலை ஒன்றரை மணி நேரம் இருவரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நான் செய்த ஏற்பாடு என்று பார்த்தால் இரண்டு குவளைத் தண்ணீர் மட்டுமே.

அந்த விளையாட்டு விடுமுறை முழுவதும் தொடர்ந்தது. விடியற்காலையில் எழுதியது நெடுநேரம் நிற்கிறது என்பதையும், வெயில் ஏறினால் விரைவாகப் போய்விடுகிறது என்பதையும், அட்டையால் விசிறினால் இன்னும் சீக்கிரம் போகிறது என்பதையும், தடித்த கோடு மெல்லிய கோட்டைவிட அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதையும் மகள் தானாகவே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். வெப்பம், காற்றோட்டம், நீர் பரவியிருக்கும் பரப்பு ஆகியவை ஆவியாதலின் வேகத்தை மாற்றுகின்றன என்று பள்ளிப் பாடத்தில் நான் படித்ததை அவள் தூரிகையால் படித்துவிட்டாள். மூன்றாவது வாரத்தில், "தண்ணி தரைக்குள்ள போகுதா, மேல போகுதா?" என்று அவளே கேட்டபோதுதான், கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய துகள்களாக அது காற்றில் கலந்துவிடுகிறது என்று சொன்னேன். முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த இரண்டு வாரத் தேடலை நான் அவளிடமிருந்து பறித்திருப்பேன்.

தூரிகை விளையாட்டு தொடங்கிய அந்த ஐந்தாம் நாள் இரவே அட்டவணையைக் கழற்றினோம். அதற்குப் பதிலாக நாளை மூன்று பொழுதாகப் பிரித்துக்கொண்டோம்: காலையில் வெளியே, நடுப்பகலில் வீட்டுக்குள், மாலையில் தண்ணீரும் வானமும். எந்தப் பொழுதில் எந்த இடத்தில் இருப்பது என்பதைப் பெற்றோர் முடிவு செய்வது; அங்கே என்ன விளையாடுவது என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்வது. இந்தப் பங்கீட்டுக்கு வந்த பிறகு எங்கள் களைப்பும் குறைந்தது, அவர்களின் "அடுத்து என்ன?" என்ற கேள்வியும் குறைந்தது.

இந்தப் பொழுதுகளை வெயிலுக்கேற்பக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதை நாங்கள் கற்றுக்கொண்ட விதம் வருத்தத்துக்குரியது. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், கிளம்புவதில் தாமதமாகி, காலை பதினொரு மணியளவில் ஒரு பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தோம். மகன் ஓடிப்போய்ச் சறுக்குமரத்தில் ஏறி உட்கார்ந்தான். அரைக்கால் சட்டை அணிந்திருந்தான். உட்கார்ந்த கணமே வீறிட்டான். அந்த உலோகத் தகடு காலை முதல் வெயிலில் காய்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தால் தொடையின் பின்புறம் இரண்டும் சிவந்திருந்தன. அருகிலிருந்த குழாயடியில் காலை நீட்டி, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடங்கள் காட்டினோம். தீக்காயத்துக்கு முதலுதவி அதுதான்: சாதாரணக் குளிர்ந்த ஓடும் நீர், இருபது நிமிடங்கள், பனிக்கட்டி கூடாது, பசையோ மாவோ எதையும் பூசக் கூடாது. கொப்புளம் எழும்பவில்லை, இரண்டு நாளில் சிவப்பு மறைந்தது. கொப்புளம் கண்டிருந்தால் மருத்துவரிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். அன்று முதல் எந்த விளையாட்டுச் சாதனமானாலும், பிளாஸ்டிக்கே ஆனாலும், என் புறங்கையைச் சில நொடிகள் அதன்மேல் வைத்துப் பார்க்காமல் பிள்ளைகளை ஏறவிடுவதில்லை.

அதற்குப் பிறகு, காலை பத்து மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் மட்டுமே வெளியே செல்வது என்று உறுதியாக இருந்தோம். புற ஊதாக் கதிர்கள் மிகக் கடுமையாக இருப்பது இடைப்பட்ட அந்த நேரத்தில்தான். உடல் எடையோடு ஒப்பிட்டால் சிறு குழந்தைகளுக்குத் தோலின் பரப்பு பெரியவர்களைவிட அதிகம் என்பதால், சுற்றியுள்ள வெப்பத்தை அவர்கள் உடல் விரைவாக வாங்கிக்கொள்கிறது. அவர்களுக்கு வியர்ப்பதும் குறைவு. விளையாட்டு மும்முரத்தில் தாகத்தை உணரவும் மாட்டார்கள். ஆகையால் கேட்கும்வரை காத்திராமல், இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை நாங்களே நிழலுக்கு அழைத்துத் தண்ணீர் கொடுத்தோம். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தாலோ, வழக்கத்தைவிட நெடுநேரம் கழிக்காமல் இருந்தாலோ தண்ணீர் போதவில்லை என்று பொருள். குழந்தை குழப்பமாகப் பேசினாலோ, துவண்டு விழுந்தாலோ, உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டினாலோ அது வெப்பத் தாக்கம். உடம்பை நீரால் நனைத்து விசிறிக்கொண்டே உடனடியாக மருத்துவ உதவியை நாட வேண்டும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மூடிய காருக்குள் முதல் பத்து நிமிடங்களிலேயே வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். "ஒரே நிமிடம், வந்துவிடுகிறேன்" என்று குழந்தையைக் காரில் விட்டுப்போவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

நடுப்பகல்தான் எங்களுக்கு மிகவும் கடினமாக இருந்த பொழுது. கைப்பேசியைக் கொடுத்துவிட்டால் வீடு அமைதியாகிவிடும் என்பது உண்மை. கொடுத்த நாட்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு வயதுக் குழந்தைக்குத் திரை நேரம் நாளொன்றுக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது, அதிலும் குறைவாக இருப்பதே நல்லது என்று கூறப்பட்டுள்ளது. பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதும் அதில் உண்டு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது வழி தெரிந்தது. மகன் மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினால் நடுப்பகலின் பாதி கழிந்துவிடும். அறையை இருட்டாக்கி, தினமும் ஒரே நேரத்தில் படுக்கவைத்தோம். மகளுக்குத் தூக்கம் வராவிட்டாலும் அவள் அருகில் படுத்துப் படங்களைப் புரட்டலாம் என்று விட்டோம்.

அந்த இருட்டறைதான் இந்தக் கோடையின் மிக அழகான பகலை எங்களுக்குத் தந்தது. ஒரு நாள் திரைச்சீலையின் இடுக்கு வழியாக வந்த வெளிச்சம் எதிர்ச் சுவரில் ஏதோ அசைவதுபோல் விழுந்ததைப் பார்த்தேன். மறுநாள் சன்னல் முழுவதையும் தடித்த கறுப்பு அட்டையால் மூடி, ஓரங்களில் வெளிச்சம் கசியாமல் ஒட்டி, நடுவில் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் வட்டமாக ஒரு துளை மட்டும் போட்டேன். சன்னலுக்கு இரண்டு மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டோம். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆயின. பிறகு போர்வையில் வெளியுலகம் தெரிந்தது, தலைகீழாக: கீழே வானத்தின் நீலம், மேலே தரை, நடுவில் தலைகீழாய்த் தொங்கிக் காற்றில் ஆடும் மரம். மனைவி வெளியே போய் வெயிலில் குறுக்காக நடந்தாள். "அம்மா தலையால நடக்குறாங்க!" என்று மகள் துள்ளினாள். மகன் அம்மாவைப் பிடிக்கக் கையை நீட்டினான். அவன் புறங்கைமேலேயே அவள் விரல் அளவுக்கு நடந்து போனாள். கையை மூடினான், திறந்து பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

ஒளி நேர்கோட்டில் செல்வதால், மேலிருந்து வருவது துளையைக் கடந்து கீழேயும், கீழிருந்து வருவது மேலேயும் விழுகிறது. இடமும் வலமும் இப்படியே மாறிவிடும். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு அல்-ஹைதம் என்ற அரபு அறிஞர் இருட்டறையில் இத்தகைய துளைகளை வைத்து ஒளியை ஆராய்ந்தார். இதைச் செய்ய விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். துளையைச் சிறிதாக்கினால் படம் தெளிவாகும், ஆனால் மங்கும். பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், விளிம்புகள் குழம்பும். வெளியே நல்ல வெயில் இருந்தால்தான் படம் தெரியும், ஆகவே வெளியில் போக முடியாத நேரமே இதற்கு உகந்த நேரம். சூரியனை நேரே பார்க்கும் சன்னலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்; துளையில் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கப் பிள்ளைகளை விடவே கூடாது. இருட்டுக்குப் பயப்படும் குழந்தையாக இருந்தால் மடியில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. எங்கள் மகன் முதல் பத்து நிமிடங்கள் என் மடியை விட்டு இறங்கவில்லை.

மற்ற நடுப்பகல்களில் ஒரு பெரிய கூடை துணைநின்றது. பெரிய மூடிகள், அட்டைக் குழாய்கள், பழைய துப்பட்டாக்கள், மரத்துண்டுகள் என்று, இதுதான் என்று பெயரில்லாத பொருள்களை அதில் போட்டுவைத்தோம். அங்குமிங்கும் நகர்த்தி எப்படி வேண்டுமானாலும் சேர்க்கக்கூடிய பொருள்கள் எவ்வளவு அதிகமோ, கற்பனைக்கும் கண்டுபிடிப்புக்கும் அவ்வளவு இடம் உண்டு என்ற கருத்தைச் சைமன் நிக்கல்சன் என்ற பிரிட்டிஷ் கலைஞர் 1971-இல் முன்வைத்தார். எங்கள் கூடை அதை மெய்ப்பித்தது என்றே சொல்வேன். இரண்டரை வயதுக் குழந்தை வீட்டில் இருப்பதால் ஒரு கண்டிப்பு வைத்திருந்தோம்: டிஷ்யூ ரோலின் நடுவிலுள்ள அட்டைக் குழாய்க்குள் நுழையக்கூடிய எதுவும் கூடைக்குள் போகாது. அந்த அளவுள்ள பொருள் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைத்துவிடக்கூடும். நீண்ட கயிறும் வேண்டாம்.

"போரடிக்குதுப்பா" என்று மகள் வந்து நிற்கும்போது உடனே ஒரு யோசனை சொல்லாமல் இருப்பதுதான் நான் பழகிக்கொண்டவற்றிலேயே கடினமானது. "சரி, என் பக்கத்துல உட்காரு" என்று மட்டும் சொல்வேன். ஐந்து நிமிடம் முனகுவாள், தரையில் புரளுவாள், கூடையைக் காலால் தள்ளுவாள். பத்தாவது நிமிடத்தில் பெரும்பாலும் ஏதோ ஒன்று தொடங்கியிருக்கும். தம்பி எழுந்ததும் அவளுடன் சேர்ந்து விளையாட வேண்டும் என்று ஆரம்பத்தில் நான் வற்புறுத்தியதும் தவறு. சிறு குழந்தைகள் முதலில் தனியாகவும், பிறகு ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து அவரவர் விளையாட்டையும், அதற்குப் பிறகே கூட்டாகவும் விளையாடுகிறார்கள் என்று மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார். எங்கள் மகன் அக்காவின் அருகில் அமர்ந்து, அவள் அடுக்குவதை ஓரக்கண்ணால் பார்த்துத் தன் மூடிகளைத் தான் அடுக்கினான். அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. "சேர்ந்து விளையாடுங்க" என்று சொல்வதை நிறுத்தியதும் சண்டை பாதியாகக் குறைந்தது.

மாலையில் தண்ணீர்த் தொட்டி. பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் கணுக்கால் அளவுக்கு நீர் நிரப்பி, குவளைகளும் வடிகட்டியும் கொடுத்தால் போதும். எது மிதக்கும், எது மூழ்கும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். ஆனால் இதில் எங்களுக்கு நேர்ந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு மாலை, மனைவி பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்து நான் துண்டு எடுக்க உள்ளே போனேன்; நான் இருக்கிறேன் என்று நினைத்து அவள் தொலைபேசி அழைப்பை ஏற்க மறுபக்கம் போயிருந்தாள். துண்டோடு திரும்பியபோது மகள் செடியருகே இருந்தாள். மகன் மட்டும் தனியாகத் தொட்டியின் விளிம்பில் வயிற்றை அழுத்தி, தண்ணீரை நோக்கிக் குனிந்துகொண்டிருந்தான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒன்றும் நேரவில்லை, ஆனால் அந்தக் காட்சி இன்றும் நினைவுக்கு வந்தால் நெஞ்சு பதறுகிறது. சிறு குழந்தை மூழ்க ஓரிரு அங்குலத் தண்ணீரே போதும். உடலோடு ஒப்பிட்டால் தலை கனமாக இருப்பதால், தலைகுப்புற விழுந்தால் தானாக நிமிர முடிவதில்லை. அலறலோ கைவீச்சோ இருக்காது. பெரும்பாலும் சத்தமே இல்லாமல்தான் நடக்கும்.

அன்றே ஒரு பழைய சிவப்புத் தொப்பியை எடுத்து வாசல் ஆணியில் மாட்டினோம். தண்ணீர் விளையாட்டு நடக்கும்போது அந்தத் தொப்பியை அணிந்திருப்பவரே பொறுப்பு. அவர் கையில் கைப்பேசி இருக்காது, பிள்ளைகள் எப்போதும் அவர் கை எட்டும் தூரத்திலேயே இருப்பார்கள். எழுந்து போக வேண்டுமானால் தொப்பியை மற்றவர் தலையில் வைத்து, "இனி நீ பார்க்கிறாய்" என்று வாய்விட்டுச் சொல்லி, "பார்க்கிறேன்" என்ற பதிலைக் கேட்ட பிறகே போகலாம். ஒருவர் மட்டும் வீட்டில் இருந்தால், உள்ளே போக வேண்டிய தேவை வந்தவுடன் இரண்டு பிள்ளைகளையும் தொட்டியிலிருந்து எடுத்துக் கையோடு கூட்டிச்செல்ல வேண்டும், அழுதாலும் சரி. விளையாட்டு முடிந்ததும் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றித் தொட்டியைக் கவிழ்த்துவிடுவோம். தேங்கிய நீரில் கொசு முட்டையிட்டுப் பெருக ஒரு வாரம், பத்து நாட்களே போதும் என்பது அதற்கு இன்னொரு காரணம்.

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இதெல்லாம் எப்படி முடியும் என்ற கேள்வி நியாயமானது. எங்களாலும் எல்லா நாளும் முடியவில்லை. இருவரும் ஒரே வாரத்தில் விடுப்பு எடுக்காமல் ஆளுக்கு இரண்டு வாரம் என்று அடுத்தடுத்து எடுத்தோம்; மற்ற நாட்களில் காலைப் பொழுது எனக்கு, மாலைப் பொழுது மனைவிக்கு. நடுப்பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவரிடம் நாங்கள் வேண்டிக்கொண்டது இரண்டு மட்டுமே: மதியத் தூக்கத்தின் நேரம் மாற வேண்டாம், விளையாடத் தண்ணீர்த் தொட்டியை வெளியே எடுக்க வேண்டாம்.

தூங்கப்போகும் முன் நால்வரும் வெளியே வந்து நிலாவைத் தேடுவது இரண்டாம் வாரத்தில் தொடங்கியது. ஒரு தாளில் முப்பது வட்டங்கள் வரைந்து கொடுத்தேன். அன்றன்று பார்த்த வடிவத்தை மகள் அதில் தீட்டினாள். முழுநிலா வரை ஒரு சிக்கலும் இல்லை. அதன்பின் நிலா தாமதமாக எழத் தொடங்கியது. நான்காம் நாள் அவள் தூங்கும் நேரம் வரை அது வரவேயில்லை. "நிலா தொலைஞ்சு போச்சு" என்று அழுதாள். மறுநாள் காலை நடையின்போது, வெயில் வந்த பிறகும் மேற்கு வானில் வெளிறிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்த நிலாவை முதலில் பார்த்தவன் அவள் தம்பிதான். அன்றிலிருந்து தாளும் பென்சிலும் காலை நடைக்கு வந்தன. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 29½ நாட்கள். தாள் நிறையும்போது விடுமுறையின் கடைசி வாரம் வந்திருந்தது. மேகம் மூடிய நாட்களுக்கும் அமாவாசையை ஒட்டிய நாட்களுக்குமாக ஆறு வட்டங்கள் வெறுமையாக இருந்தன. எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால் அவற்றை நிரப்பித் தரட்டுமா என்று கேட்டேன். மகள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வேணாம்ப்பா, அன்னைக்கு நாம பார்க்கலையே" என்றாள். அந்தத் தாள் இப்போது, அட்டவணை இருந்த அதே சுவரில், ஆறு வெறும் வட்டங்களோடு ஒட்டப்பட்டிருக்கிறது.